கிணறு தோண்டிய பிறகு

வங்க தேசம் சுதந்திரம் பெற்ற 1971-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், அந்நாட்டுக் கிராமவாசிகளில் மிகப் பலர் குளத்து நீரையும் ஆற்று நீரையுமே குடித்து வந்தார்கள். குளிப்பதும் துணி துவைப்பதும் மாடு கழுவுவதும் அதே குளத்தில்தான். மழைக்காலத்தில் வெள்ளம் பெருகிக் கொல்லைப்புறத்து மலக்குழிகளையும் குளங்களையும் ஒன்றாக்கிவிட்டால், வாந்திபேதியும் வயிற்றுக்கடுப்பும் வீடு வீடாக நுழைந்து குழந்தைகளை வாரிக்கொண்டு போகும். இந்த அவதியைத் தீர்க்க முற்பட்ட அரசாங்கமும், அதற்குத் துணை நின்ற யூனிசெப் ஸ்தாபனமும், நிலத்துக்கு அடியில் மணலால் வடிகட்டப்பட்டுக் கிடக்கும் நீரில் கிருமிகள் இரா என்ற சரியான அறிவின்மேல் நம்பிக்கை வைத்து, ஊர்தோறும் குழாய்க் கிணறுகளை இறக்கி, அவற்றின் தலையில் அடிபம்புகளைப் பொருத்தும் பெரும் இயக்கத்தைத் தொடங்கின.

அந்தக் கிணறு தோண்டும் விதமே ஓர் அற்புதம். வங்காளத்து மண்ணில் பாறை இல்லை, வண்டலும் மணலும்தான். மூங்கிலால் சாரம் கட்டி, கீழே நிற்பவர்கள் நெம்புகோலை அழுத்தி இரும்புக் குழாயை ஏற்றி இறக்க, சாரத்தின் மேல் உட்கார்ந்திருப்பவன் குழாயின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடியும் திறந்தும் அடியிலுள்ள சேற்றை மேலே கொப்பளித்து வரச் செய்வான். யந்திரம் எதுவும் இல்லாமல், சில ஆட்களின் உழைப்பில், ஒரே நாளில் கிணறு முடிந்துவிடும். ஆகையால் அரசாங்கம் தொடங்கியதை ஜனங்கள் தாமே மேற்கொண்டார்கள். வசதி வந்த குடும்பங்கள் சொந்தப் பணத்தில் தத்தம் முற்றத்திலேயே பம்பு வைத்துக்கொள்ள, பிற்காலத்தில் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு கோடியை எட்டியது. வயிற்றுப்போக்கால் மடியவிருந்த எத்தனையோ குழந்தைகள் அந்தத் தண்ணீரால் பிழைத்தார்கள். இந்த உண்மையை மறந்துவிட்டுப் பின்னால் நேர்ந்ததை மட்டும் பேசுவது நியாயமாகாது.

பின்னால் நேர்ந்தது இது. 1983-ஆம் ஆண்டில், கல்கத்தாவில் உள்ள வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் நோய் வைத்தியராக இருந்த கே.சி. சாஹா, மேற்கு வங்கக் கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போன்ற கரும்புள்ளிகளையும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கடினமான முடிச்சுகளையும் கண்டு, அவை ஆர்செனிக் நஞ்சின் அடையாளங்கள் என்று அறிந்தார். நம் சித்த வைத்தியர்கள் பாஷாணம் என்று பயபக்தியோடு கையாளும் அந்தப் பொருள், இந்த ஏழைகளின் உடம்பில் குடிநீர் வழியாக வருஷக்கணக்கில் சேர்ந்திருந்தது. 1987-ஆம் ஆண்டுக்குள், எல்லைக்கு அப்பாலிருந்து, அதாவது வங்க தேசத்திலிருந்து, வந்த நோயாளிகளும் அவர் பார்வைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் வங்க தேசத்தின் கிணற்று நீரில் ஆர்செனிக் உண்டு என்று அந்நாட்டில் உறுதி செய்யப்பட்டது 1993-இல்தான். ஜாதவ்பூர் சர்வகலாசாலையைச் சேர்ந்த தீபங்கர் சக்கரவர்த்தி போன்றவர்கள் இடைவிடாமல் மாதிரிகளைச் சேகரித்தும், மகாநாடு கூட்டியும் உலகத்தின் கவனத்தைத் திருப்புவதற்குள் மேலும் சில ஆண்டுகள் கழிந்தன. அந்த ஒவ்வோர் ஆண்டிலும் புதிய கிணறுகள் இறங்கிக்கொண்டே இருந்தன. எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் வேதனை தருவது இதுதான்.

இமயத்திலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் அடித்துக்கொண்டு வந்த வண்டலில், இரும்புத் துகள்களோடு ஒட்டியபடி ஆர்செனிக் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடங்கிக் கிடந்தது. மண்ணில் புதைந்த இலைதழைகளை நுண்ணுயிர்கள் தின்னும்போது பிராணவாயு அற்றுப்போய், இரும்பு கரைய, அதைப் பற்றியிருந்த நஞ்சும் நீரில் கரைந்துவிடுகிறது. நிறமோ மணமோ சுவையோ இல்லை. தெளிவாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும் அந்த நீரைக் குடிப்பவனுக்குப் பல ஆண்டுகள் வரை ஒன்றும் தெரியாது; தெரியும் நாளில் தோல் தடித்து வெடிக்கும், சிலருக்குப் பின்னாளில் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்று காணும். உள்ளங்கை வெடித்த உழவனால் மண்வெட்டியை இறுகப் பிடிக்க முடிவதில்லை. புள்ளி விழுந்த பெண்ணுக்கு வரன் அமைவதில்லை. அதைத் தொழுநோய் என்றும் தொற்றுநோய் என்றும் கருதிக் கட்டிய மனைவியையே பிறந்தகத்துக்கு அனுப்பியவர்களும் உண்டு.

பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகமும் வங்க தேசப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் சேர்ந்து நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு லிட்டரில் 50 மைக்ரோகிராம் என்ற அந்நாட்டு வரம்பைத் தாண்டிய நீரைக் குடிப்பவர்கள் சுமார் மூன்றரைக் கோடிப் பேர் என்றும், உலகச் சுகாதார ஸ்தாபனம் வகுத்த 10 மைக்ரோகிராம் வரம்பைக் கொண்டு கணக்கிட்டால் ஐந்தரைக் கோடிக்கும் மேல் என்றும் மதிப்பிட்டது. அதே ஆய்வகம் 1992-இல் அங்கே நிலத்தடி நீரைச் சோதித்தபோது ஆர்செனிக்கைச் சோதிக்கவில்லை என்று, பாதிக்கப்பட்ட கிராமவாசி ஒருவர் லண்டன் வரை வழக்காடிப் பார்த்தார்; அந்த அறிக்கை நீரைக் குடிக்கத் தக்கது என்று யாருக்கும் உறுதி கூறவில்லை, ஆகவே ஆய்வகம் அவர்பால் கடமைப்பட்டதும் இல்லை என்ற அடிப்படையில், பிரபுக்கள் சபை 2006-இல் வழக்கைத் தள்ளிவிட்டது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால், தோண்டச் சொன்னவர், தோண்டியவர், ஆராய்ந்தவர், அனுமதித்தவர் என்று அத்தனை பேர் சம்பந்தப்பட்ட ஒரு காரியத்தில், அந்த நீர் மனிதன் வயிற்றுக்கு ஏற்றதா என்று கேட்க வேண்டிய பொறுப்பு ஒருவர் தலையிலும் இல்லாமற்போனது எப்படி என்ற கேள்வி அந்தத் தீர்ப்போடு முடிந்துவிடவில்லை.

உண்மை வெளிப்பட்ட பின்பு செய்யப்பட்ட நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். சுமார் ஐம்பது லட்சம் கிணறுகளில் நீர் எடுத்துச் சோதித்து, நஞ்சுள்ள பம்பின் மூக்குக்குச் சிவப்பும், நல்ல பம்புக்குப் பச்சையும் பூசினார்கள். சோதனை எளிது. ஒரு குப்பியில் கிணற்று நீரை ஊற்றி, அமிலத்தையும் துத்தநாகப் பொடியையும் சேர்த்து, மூடியில் ஒரு சிறு ரசாயனக் காகிதத்தைச் செருகி வைத்தால், எழும் வாயு பட்டுக் காகிதம் மஞ்சளாகி, நஞ்சு மிகுந்திருந்தால் பழுப்பாகும். அதை நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து அளவைச் சொல்லிவிடலாம். எழுத்தறிந்த எந்தக் கிராமத்துப் பெண்ணும் சில நாளில் கற்றுக்கொள்ளக் கூடிய வேலை. அந்தச் சிவப்பும் பச்சையும் சாதித்தது கொஞ்சமல்ல. அந்நாட்டு மண்ணின் அமைப்பு விசித்திரமானது. ஒரு வீட்டுக் கிணறு நஞ்சாக இருக்க, கூப்பிடு தூரத்தில் உள்ள அடுத்த வீட்டுக் கிணறு நல்லதாக இருக்கும். ஆகவே விலை உயர்ந்த வடிகட்டிகளும் சுத்திகரிப்பு நிலையங்களும் செய்ததைக் காட்டிலும், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பச்சைப் பம்புக்கு நடந்த பெண்களின் கால்கள் அதிகம் பேரைக் காப்பாற்றின. தண்ணீர் மொள்ள வந்தவளை முற்றத்துக்குள் அனுமதித்த அண்டை வீட்டாரின் தயையும் இதில் சேர்ந்தது.

ஆனால் அந்தப் பெருஞ்சோதனை பல ஆண்டுகள் வரை முதல் தடவையோடு நின்றுபோயிருந்தது. வெயிலிலும் மழையிலும் சாயம் மங்கி உதிர்ந்தது. பழைய கிணறு தூர்ந்து புதிய கிணறு தோண்டியவனுக்கு அதைச் சோதித்துத் தர ஆள் இல்லை. நீரிலுள்ள இரும்பின் கறை படிந்து செம்பழுப்பேறிய சிமெண்டு மேடையில், நிறம் எதுவும் பூசப்படாத புதிய பம்புகள் லட்சக்கணக்கில் முளைத்தன. அடியாழத்து நீரில் பெரும்பாலும் நஞ்சில்லை என்பதால், அரசாங்கம் 150 மீட்டருக்கும் மேல் ஆழமான கிணறுகளைத் தோண்டிக் கொடுத்தது; அவற்றைச் சாமானியன் சொந்தச் செலவில் தோண்ட இயலாது. 2016-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை, சுமார் இரண்டு கோடிப் பேர் இன்னும் நஞ்சு நீரையே குடிக்கிறார்கள் என்று கூறியதோடு, ஆழ்கிணறுகளில் பாதி எங்கே அமைய வேண்டும் என்பதில் பாராளுமன்ற அங்கத்தினர்களின் விருப்பம் செல்லுபடியாக விதியே இடம் தந்ததையும், அதனால் பல கிணறுகள் செல்வாக்கு உள்ளவர்களின் வீட்டு முற்றங்களுக்குப் போய்விட்டதையும் எடுத்துக்காட்டியது. பொதுப் பணத்தில் தோண்டிய கிணறு ஒரு தனி மனிதனின் வேலிக்குள் இருக்குமானால், ஏழைப் பெண் அங்கே உரிமையோடு போக முடியாது. தயவை எதிர்பார்த்துத்தான் போக வேண்டும். அண்டை வீட்டாரின் தயையை நான் போற்றினேன். அரசாங்கத்தின் கிணற்றிலும் தயை தேடி நிற்க வேண்டியிருப்பது அநீதி.

ஆர்செனிக்கிலிருந்து தப்ப, வாய் அகன்ற பழைய கிணறுகளுக்கும் குளத்து வடிகட்டிகளுக்கும் திரும்பலாம் என்று சிலர் முயன்றார்கள். அருகில் மலக்குழி கசியும் இடங்களில் அந்த நீர் மறுபடியும் கிருமி நீராயிற்று. கழிப்பிடத்தைப் பற்றிய யோசனையும் குடிநீரைப் பற்றிய யோசனையும் வெவ்வேறு துறைகளின் வெவ்வேறு கோப்புகளில் இருக்கும் வரையில், ஒரு நோயிலிருந்து ஓடியவன் இன்னொன்றில் விழுவதைத் தடுக்க முடியாது.

நமக்கு இது அயல் நாட்டுச் செய்தி மட்டும் அன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய காலத்தில், பாறையிலிருந்து கரைந்த ஃப்ளோரைடு குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறையாகவும், முதியோரின் முழங்காலிலும் முதுகெலும்பிலும் விறைப்பாகவும் வெளிப்பட்டது. வங்காளத்தில் ஆழம் போனால் நல்ல நீர் கிடைக்கிறது. நம் பாறை நிலத்தில் பெரும்பாலும் ஆழம் போகப் போகத் தீங்கு ஏறுகிறது. ஆகையால் ஓரிடத்து வைத்தியத்தை இன்னோரிடத்தில் செய்ய முடியாது என்பதையும் இந்த இரண்டு நிலங்களும் காட்டுகின்றன. ஜப்பானியக் கடனுதவியோடு காவிரி நீரை அம்மாவட்டங்களுக்குக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நிறைவேறியது. அது பெரிய காரியம். ஆயினும் காவிரி நீர் வராத நாளில் பழைய ஆழ்துளைக் கிணற்றுக்கே ஜனங்கள் போகிறார்கள் என்றால், அந்தக் கிணற்றின் நீரும் சோதிக்கப்பட்டே ஆக வேண்டும்.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊருக்கு ஐந்து பெண்களைத் தேர்ந்து சோதனைப் பெட்டியைக் கையாளப் பழக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. இதை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பெண்களுக்கு நிலையான ஊதியமும், ரசாயனம் தீர்ந்தால் தடையின்றி மறுபடி கிடைக்கும் வழியும், அவர்கள் கண்ட குறையைக் கேட்டு நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்ட ஓர் அதிகாரியும் இல்லாவிட்டால், வங்க தேசத்துச் சிவப்புச் சாயத்தைப் போல இதுவும் மங்கிப்போகும். கிணறு தோண்டவோ குழாய் பதிக்கவோ மதிப்பீடு எழுதும்போதே, அந்த நீரை ஆண்டுதோறும் சோதிப்பதற்கான செலவையும் சேர்த்து எழுத வேண்டும். கடன் கொடுக்கும் அயல்நாட்டு ஸ்தாபனங்களும் அதை ஒரு நிபந்தனையாகக் கேட்க வேண்டும். முடிவுகளை ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைக்காமல் கிராம சபையில் உரக்கப் படிக்க வேண்டும். நல்ல நீருக்கான புதிய கிணறோ குழாயோ எங்கே முதலில் போக வேண்டும் என்பதை அங்கத்தினர் எவருடைய சிபாரிசும் இல்லாமல் அந்தக் கணக்கைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். எந்தத் தெருவின் நீரில் நஞ்சு மிக அதிகமோ, எந்த வீட்டுக்கு நல்ல நீர் மிகத் தொலைவோ, அங்கிருந்து வேலை ஆரம்பிக்கட்டும்.