கலவைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது
'எந்த உலோகமும் சூடேறினால் மின்தடை ஏறும். கலப்புலோகத்துக்கும் அதே கணக்குதான்' என்கிறார் கட்டுரையாளர். செம்புக்குச் சரி: டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறும். கலவையில் நடப்பதே வேறு. அங்கே வெவ்வேறு அணுக்கள் ஒழுங்கின்றிக் கலந்து கிடப்பதால், குளிரிலேயே எலக்ட்ரான்கள் முட்டிமோதித்தான் போகின்றன. வெப்ப அதிர்வு கூட்டுவது சொற்பம்.

1000 வாட் ஹீட்டரில் நிக்ரோம் என்ற கலப்புலோகச் சுருளைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி, ஆறியபின் மல்டிமீட்டர் வைத்தால் சுமார் 50 ஓம். 230 வோல்ட்டில் செக்கச்செவேலென்று பழுக்கும்போது 53 ஓம். அவ்வளவுதான்! அதே சூட்டில் செம்பு பல மடங்கு ஏறியிருக்கும்.

செம்பு, மாங்கனீசு, நிக்கல் சேர்ந்த மாங்கனினோ அறை வெப்பநிலையில் அசைவதே இல்லை எனலாம். அதனால்தான் துல்லியமான மின்தடைகளை அதில் சுற்றுகிறார்கள். மாணவர்கள் படிக்கும் கட்டுரை அது. கலப்புலோகம் பற்றிய அந்த வரியைத் திருத்துங்கள்.