வலது அடிவயிறு வலிச்சாத்தான் அப்பெண்டிக்ஸா?

1) இல்லைங்க. குடல்வாலோட அடிதான் ஒரே இடத்துல ஒட்டியிருக்கும். நுனி எந்தப் பக்கமும் திரும்பியிருக்கலாம்.

2) பெருங்குடலுக்குப் பின்னாடி இருந்தா விலா, முதுகு வலிக்கும், கிட்னி கல்லுன்னு நினைப்போம். இடுப்புக்குழியில தொங்கினா நீர்க்கடுப்பு, வயித்துப்போக்கு. கர்ப்பிணிகளுக்கு வலி மேலே ஏறலாம். உறுப்புகள் இடம்வலம் மாறிப் பிறந்தவங்களுக்கு இடது பக்கம் வலிக்கும்.

3) 1735-ல லண்டன்ல கிளாடியஸ் அம்யாண்ட் முதன்முதலா வெட்டியெடுத்த குடல்வாலே, 11 வயசுப் பையனோட குடலிறக்கத்துக்குள்ள இருந்ததுதான்.

4) அதனால இடத்தைவிட வரிசையைக் கவனிங்க. முதல்ல தொப்புளைச் சுத்தி மந்தமான வலி, பசியின்மை, வாந்தி. அப்புறம் வலி ஒரு இடத்துல நிலைக்கும், காய்ச்சல் வரும். இருமினா, நடந்தா கூடும். எல்லாருக்கும் இதே வரிசைல வராது. ஸ்கேன்ல குடல்வால் தெரியலைன்னா "இல்லை"ன்னும் அர்த்தமில்ல. வலி குறையலைன்னா மறுபடி வந்து காட்டுங்க.

5) சேவூர் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போறவங்க, ஷிஃப்ட் போயிடும்னு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டு ரெண்டு நாள் ஓட்டாதீங்க. குடல்வால் வெடிச்சா வயிறு பூரா சீழ் பரவும், உயிருக்கே ஆபத்து. ஒரு நாள் சம்பளத்தைப் பார்த்து ஒரு மாச சம்பளம் போயிடும்.

6) சூப்பர்வைசர்களுக்கும் சொல்றேன்: வயித்து வலின்னு லீவு கேட்டா விட்டுடுங்க. அது சாக்கா இல்லையான்னு நாங்க பார்த்துச் சொல்றோம்.