கடலுக்குள் போகிற பையன் கழுத்தில் விசில் இருக்கா?

காஞ்சீபுரம்.

அனந்தசரஸ் குளத்தில் அத்தி வரதர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால், சின்னக்காஞ்சீபுரத்தில் பள்ளிக்கூடப் பையன்கூடக் கை நீட்டிக் காட்டுவான். 1979-க்குப் பிறகு 2019 ஜூலையில்தான் வெளியே எடுத்தார்கள். நடுவில் 40 வருஷம் தண்ணீருக்குள்! ஆனாலும் யாரும் தேடி அலையவில்லை. மேலே அடையாளமாக நாலு கால் மண்டபம் நிற்கிறதே.

கடலில் மண்டபம் கிடையாது. அங்கே முங்குகிற ஆள் எங்கே இருக்கிறான் என்பதை அவனேதான் காட்ட வேண்டும்.

இந்தப் பேச்சு இப்போது எதற்கு என்றால், காஞ்சீபுரத்துப் பிள்ளைகளுக்குக் கடலுக்கடி ஆசை வந்துவிட்டது. தறி வீட்டுப் பையன்கள், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற வாலிபர்கள், நாலு பேர் சேர்ந்தால் கோவளம், புதுச்சேரி என்று கிளம்பிவிடுகிறார்கள். சிலர் சர்டிபிகேட்டும் வாங்கி அந்தமான் வரை போகிறார்கள். முதுகில் சிலிண்டர். “ஆக்சிஜன்” என்பார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றுதான்.

காஞ்சீபுரம் மாவட்டத்துக்கு இன்றைக்குக் கடற்கரை இல்லை. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது கோவளமும் மாமல்லபுரமும் அந்தப் பக்கம் போய்விட்டன. மாவட்டம் பிரிந்தால் ஆசையும் பிரியுமா?

ஆசை தப்பில்லை. 2002 ஏப்ரலில் மாமல்லபுரம் கடலில் கோவா கடலாய்வு நிறுவனத்தாரும் இங்கிலாந்துக்காரர்களும் முங்கித்தான், கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தூரத்தில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் கட்டட இடிபாடுகளைப் பார்த்தார்கள். அப்போது அது காஞ்சீபுரம் மாவட்டம். ஆக, இந்தத் தொழில் இந்த ஊருக்கு ரொம்பப் புதுசு என்றும் சொல்ல முடியாது.

படகு எங்கே?

2022 ஏப்ரலில் மலேசியாவில் மெர்சிங் ஊருக்கு அப்பால் நாலு பேர் முங்கினார்கள். மேலே வந்து பார்த்தால் படகைக் காணோம்! நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மூவர் உயிரோடு மீண்டார்கள். 14 வயதுச் சிறுவன் பிழைக்கவில்லை.

1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பவளப்பாறைக் கடலில் இன்னும் கொடுமை. படகுக்காரர்கள் தலை எண்ணுவதில் தப்பு செய்தார்கள். ஓர் அமெரிக்கத் தம்பதியை விட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிட்டார்கள். ஆள் குறைகிறது என்பதே இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தத் தம்பதி திரும்பி வரவே இல்லை.

அலைக்கு நடுவே மனிதத் தலை ஒரு தேங்காய் அளவு. ஒரு ‘நாட்’ வேக நீரோட்டம் மணிக்கு 1.85 கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போகும். சாதாரண ஓட்டம்தான் அது. அரை மணி நேரம் யாரும் கவனிக்காவிட்டால் ஒரு கிலோமீட்டர் போயாச்சு. கறுப்பு உடை, நீல உடை என்றால் கேட்கவே வேண்டாம். எம்.எஸ். புளூ புடவைக்கு அழகு. கடலில் அந்தக் கலர் காணாமல் போவதற்குத்தான் லாயக்கு.

மச்சான் வாங்கி வரும் பெட்டி

இதைக் கேட்டதும் காசுள்ள பையன் என்ன செய்கிறான்? வெளிநாட்டில் இருக்கிற மச்சானுக்குப் போன் போட்டு, “ஆபத்துக்கு உதவும் ரேடியோப் பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வாங்க” என்கிறான். பட்டனை அமுக்கினால் ஹெலிகாப்டர் வந்து தூக்கும் என்று நினைப்பு.

அங்கேதான் கோளாறு. பட்டனை அமுக்குவது இருக்கட்டும், அதை அந்தப் பக்கம் யார் கேட்கப் போகிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தூத்துக்குடி முத்துக் குளிப்பில் ரேடியோ இல்லை. கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவன் இறங்குவான். கயிற்றின் மேல் நுனியைப் படகில் இன்னொருவன் பிடித்திருப்பான். கீழே ஒரு வெட்டு இழுத்தால் மேலே தூக்கிவிட வேண்டும். மேலே இருப்பவன் தூங்கினால் கீழே இருப்பவன் கதி அதோகதி! காஞ்சீபுரத்துக்காரனுக்கு இது புரியாத விஷயமில்லை. கோர்வைப் புடவைக்கு நெய்கிறவன் மட்டும் போதாது. பக்கத்தில் கரைநாடா தள்ள ஒரு ஆள் வேண்டும். அவன் கவனம் தப்பினால் புடவை போச்சு.

நம்ம கடலில் அந்தப் பக்கம் இருப்பது யார்? பைபர் படகில் வலை போடுகிற மீனவர். அவருக்கு இருப்பது இரண்டு கண், இரண்டு காது. ஆகவே கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும்தான் முதலில் வாங்க வேண்டிய சாமான்.

ஆரஞ்சுக் கலரில் ஆள் உயரத்துக்கு நீளமான காற்றுக் குழாய் கிடைக்கிறது. சுருட்டினால் பைக்குள் அடங்கும். மேலே வருமுன் 5 மீட்டர் ஆழத்தில் நிற்கும்போதே அதில் காற்றை விட்டு நூலோடு மேலே அனுப்பிவிடலாம். படகுக்காரர் கண்ணில் ஆளுக்கு முன்னால் அது படும். ஆனால் பழகாமல் செய்தால் நூல் கையில் சுற்றி ஆளையே மேலே இழுத்துவிடும். வேகமாக மேலே வந்தால் நுரையீரலுக்கு ஆபத்து. நூல் சிக்கினால் என்ன ஆகும் என்று நெசவாளி வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. குளத்திலோ நீச்சல் தொட்டியிலோ பத்துத் தடவை விட்டுப் பார்த்த பிறகு கடலுக்குப் போகட்டும்.

அடுத்தது விசில். போலீஸ்காரர் ஊதுகிற மாதிரி உள்ளே உருண்டை இருக்கிற விசில் வேண்டாம், நனைந்தால் மக்கர் பண்ணும். உருண்டை இல்லாத பிளாஸ்டிக் விசில் நல்லது. கடையில் ரொம்ப மலிவு. அதைப் பைக்குள் போட்டு மூடாமல், வாய்க்கு எட்டுகிற இடத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். சிலிண்டர் காற்றிலேயே அலறும் ஊதலும் உண்டு. என்ஜின் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். சிலிண்டர் காலியானால் அது ஊமை. அப்போதும் விசில் பேசும்.

வெயில் இருந்தால் கைக்கண்ணாடி கிலோமீட்டர் கணக்கில் பளிச்சிடும். பழைய சி.டி. தட்டுகூட போதும். இருட்டினால் டார்ச். இவ்வளவுதான் கண்ணுக்கும் காதுக்கும்.

ரேடியோ வேண்டாமா?

வேண்டும். ஆனால் அது அடுத்த படி. ரேடியோ அலை உப்புத் தண்ணீரைத் தாண்டாது. கடலுக்கடியில் பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்காது. மேலே வந்து, கம்பியை வானத்தைப் பார்க்க நிறுத்தினால்தான் வேலை செய்யும்.

இதிலும் இரண்டு சாதி. ஒன்று, அக்கம்பக்கத்துக் கப்பல்களின் திரையில் ஆள் இருக்கிற இடத்தைக் காட்டுவது. ஏ.ஐ.எஸ். என்பார்கள். கப்பலுக்குச் சரி, சின்னப் பைபர் படகில் அந்தத் திரை பொதுவாகக் கிடையாது. “அண்ணே, உங்க படகுல இதைப் பிடிக்கிற பெட்டி இருக்கா?” என்று புறப்படுமுன் கேட்டுவிட வேண்டும். இல்லை என்றால் அந்தப் பணம் தண்டம்.

இன்னொன்று 406 மெகாஹெர்ட்ஸ் கருவி. இது செயற்கைக்கோளுக்குச் சொல்லும். சேதி பெங்களூரில் இஸ்ரோ நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து கடலோரக் காவல் படைக்குப் போகும். உலகம் பூரா நடக்கிற ஏற்பாடு. முதலில் கருவியை ஆள் பெயருக்குப் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாவிட்டால் யாரைத் தேடுவது என்றே தெரியாது. இந்தக் கருவிகளில் பல படகில் போகிறவருக்காகச் செய்தவை. 20, 30 மீட்டர் ஆழத்து அழுத்தம் தாங்காது. அழுத்தம் தாங்கும் டப்பாவில் போட்டுத்தான் இறங்க வேண்டும். பேட்டரித் தேதியையும் பார்க்க வேண்டும். பழைய 121.5 அலைவரிசையில் மட்டும் வேலை செய்கிற கருவியை யாராவது மலிவாகத் தள்ளினால் வாங்கவே கூடாது. செயற்கைக்கோள்கள் அதைக் கேட்பதை 2009 பிப்ரவரியோடு நிறுத்தியாச்சு.

மச்சான் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம்ம நாட்டில் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது குற்றம். செய்தி அனுப்புகிற சின்னக் கருவியும் அதில் மாட்டிக்கொள்கிறது. அப்படிக் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். உயிர் காக்க வாங்கியது போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைக்கும். அனுமதி பற்றி விசாரிக்காமல் பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டாம்.

மீனவர்களுக்கு இஸ்ரோ செய்த ஆபத்துக் கருவி 2010 முதல் இருக்கிறது. 20,000-க்கு மேல் படகுகளுக்குப் போயிருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த புதிய ரகத்தில், “உங்க சேதி கிடைச்சிடுச்சு” என்று பதிலும் வரும். மூழ்கு விளையாட்டுக்கு ஆள் ஏற்றுகிற படகு ஒவ்வொன்றிலும் இப்படி ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட்டால் என்ன குறைந்துவிடும்? சிலிண்டருக்கு வாடகை வாங்குகிறவர், ஆளுக்கு ஒரு குழாயும் விசிலும் கொடுக்காமல் தண்ணீரில் இறக்கக் கூடாது. தலை எண்ணுவதும் “பத்துப் பேரா? சரி” என்கிற கணக்கு ஆகாது. பெயர் கூப்பிட்டு, ஆள் “இருக்கேன்” என்று சொன்ன பிறகே என்ஜினைக் கிளப்ப வேண்டும். புதுசாகப் போகிறவரைப் பயிற்சியாளர் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார், அவருக்கு ஆபத்து குறைவு. நாலு தடவை போய்த் தைரியம் வந்தவர் விஷயத்தில்தான் இந்தக் கண்டிப்பு ரொம்ப அவசியம்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கும் வேலை உண்டு. பையன் எந்த ஊரில், யார் படகில், எத்தனை மணிக்குக் கரை ஏறுவான் என்று கேட்டு, காலண்டர் பக்கத்தில் எழுதி வைக்கட்டும். சொன்ன நேரம் தாண்டி, போனும் எடுக்கவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடலோரக் காவல் படையின் டெலிபோன் நம்பர் 1554.