ஆக்கியோன் பெயர் எங்கே?

நூலொன்று தமிழ்மக்கள் முன் வருங்கால் அதன் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்லியாதல் வேண்டும் என்று நன்னூல் வகுத்தது. அவ்வெட்டனுள் முதலாவது ஆக்கியோன் பெயர். இரண்டாவது வழி, அஃதாவது, அந்நூல் எம்முதனூலின் வழிவந்தது என்பது. நூற்பெயருக்கும் அவற்றுக்குப் பின்னர்தான் இடம்.

திரைப்படத்திற்கும் பாயிரம் உண்டு. படம் தொடங்குங்கால் திரையில் ஓடும் பெயர்ப் பட்டியலே அது. அதில் நடிகர்க்குப் பட்டம் உண்டு. பணம் போட்டவர்க்கு முதன்மை உண்டு. ஒப்பனை செய்தவர்க்கும் உணவு சமைத்தவர்க்கும்கூட இடமுண்டு. அஃது அவர்தம் உழைப்புக்குரிய மதிப்பே, குறை கூறுதற்கில்லை. ஆயின், கதை, திரைக்கதை, உரையாடல், இயக்கம் ஆகிய நான்கையும் ஒருவரே தம் பெயரில் எழுதிக்கொள்ளும்போது, அக்கதையை ஆண்டுக்கணக்கில் நெஞ்சில் சுமந்து எழுதிய நூலாசிரியன் எங்கே போனான்? ஆக்கியோனும் இல்லை, வழியும் இல்லை என்றால் அது பாயிரமா, பறிமுதல் ஓலையா?

வழிநூல் செய்தல் குற்றமன்று. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என அதற்கு நால்வகை சொன்னவர் தொல்காப்பியர். முந்நூறு பக்கப் புதினம் மூன்று மணிநேரப் படமானால் அது தொகை. பத்துப் பக்கச் சிறுகதை படமானால் அது விரி. ஒரு மொழிப் படம் வேறுமொழியில் எடுக்கப்பட்டால் அது மொழிபெயர்ப்பு. எவ்வகையாயினும் முதனூல் ஒன்று உண்டு என்பதை மறைக்க இலக்கணம் இடந்தரவில்லை.

சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் செய்ததைப் பாருங்கள். பாடியவர் பெயர் தெரியாத இடத்தும் அவர்கள் வாளா விட்டாரில்லை. பாட்டிலுள்ள அரிய தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் பெயரிட்டுப் போற்றினர். பெயரே தெரியாதவனுக்கும் பெயர் கொடுத்த இனம், பெயர் தெரிந்தவனின் பெயரை அழிக்கலாமா?

1891-இல் மனோன்மணீயம் நாடகத்தை வெளியிட்ட பேராசிரியர் சுந்தரனார், அதன் கதைக்கரு ஆங்கிலேயராகிய இலிட்டன் என்பாரின் படைப்பிலிருந்து கொள்ளப்பட்டது என்பதை மறைக்கவில்லை. அயல்மொழிக் கதை, தமிழ்நாட்டில் கேட்பார் எவருமிலர், ஆயினும் உண்மை உரைத்தார். அந்நாடகமே 1942-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்சாரால் ‘மனோன்மணி’ எனப் படமாயிற்று. அதே நிறுவனம் 1950-இல் எடுத்த ‘திகம்பர சாமியார்’ வடுவூர் துரைசாமியாரின் புதினம். இன்று அப்படத்தைப் பேசுவோர் நம்பியார் பல வேடங்களில் தோன்றியதைப் பேசுகின்றனர்; வடுவூரார் பெயரைச் சொல்வார் அரியர். ஏற்காட்டுச் சாலையில் அந்நிறுவனத்தின் முகப்பு வளைவு நிற்கிறது. அதனைக் கடந்து செல்வோருள் எத்துணைப் பேர், அங்கு உருவான படங்களுக்குக் கதை தந்தவர்களை நினைக்கின்றனர்?

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு வருவோம். மோகனூரிற் பிறந்த இராமலிங்கனார், நாமக்கல் கவிஞர் என நாடறிந்தவர். 1949-இல் சென்னை மாநிலத்தின் அரசவைக் கவிஞராக்கப் பெற்றவர். அவர் எழுதிய ‘மலைக்கள்ளன்’ புதினத்தைக் கோவைப் பட்சிராசா நிறுவனத்தார் 1954-இல் படமாக்கினர். இயக்கியவர் சிரீராமுலு, நடித்தவர் ம.கோ. இராமச்சந்திரனார்; உரையாடல் மு. கருணாநிதியார். படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் எனக் கதை ஐந்து மொழிகளுக்குச் சென்றது. காவிரிக்கரையில் ஒரு தமிழ்ப்பாவலன் புனைந்த கதைக்கு, 1957-க்குள் தமிழொடு சேர்த்து ஆறுமொழிகளிற் படங்கள்!

விளைந்தது என்ன? தமிழ்நாட்டில் அது ‘ம.கோ.இரா. படம்’, வடக்கே அது ‘திலீப்குமார் படம்’. கதையின் தந்தையோ வினாடி வினாவிற் கேட்கப்படும் ஒரு வினாவாக ஒடுங்கிவிட்டார். அரசின் தலைமைச் செயலகப் பத்துமாடிக் கட்டடத்திற்கு ‘நாமக்கல் கவிஞர் மாளிகை’ என்று பெயரிட்ட நாட்டில், அவர் கதைக்கு அவர் பெயரை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கல்லுக்குக் கொடுத்த பெயரைச் சொல்லுக்குக் கொடுக்கத் தவறினர்.

பெயர் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன, பணந்தான் கொடுத்தாயிற்றே என்பர் சிலர். சட்டம் அவர்களுக்கு விடை சொல்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 57-ஆம் பிரிவு: உரிமையை விற்ற பின்னரும், ‘இது என் படைப்பு’ என உரைக்கும் உரிமையும், தன் பெயர் கெடுமாறு படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் ஆசிரியனை விட்டு நீங்கா. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தம் புதினம் படமாகிச் சிதைந்தது கண்டு வழக்காடியபோது, 1986-இல் தில்லி உயர்முறைமன்றம் இவ்வுரிமையை உறுதி செய்தது. நிலத்தை விற்றவனுக்கு அந்நிலத்தில் உரிமையில்லை; மகளை மணமுடித்துக் கொடுத்தவனோ அவளுக்குத் தந்தை அல்லனாகி விடுவதில்லை. எழுத்து நிலமன்று, மகள்.

கதைக்கரு எவர்க்கும் பொது என்பர் வேறு சிலர். உண்மையே. 1978-இல் உச்ச முறைமன்றமும், கருத்துக்கு மட்டும் தனியுரிமை இல்லை என்றே தீர்ப்பளித்தது. ஆயின் புதினம் என்பது வெறுங் கருவன்று. மாந்தர், நிகழ்ச்சிக் கோவை, இடம், மொழி எல்லாம் கூடியது அது. விதை பொதுவென்று சொல்லி அடுத்தவன் விளைச்சலை அறுத்துச் செல்வதைக் கொல்லிமலை அடிவாரத்து உழவன் எவனும் ஒப்பமாட்டான்.

2018-இல் ‘சர்க்கார்’ படம் வெளிவருமுன், எழுத்தாளர் சங்கத்திற் பதிந்து வைத்த தம் ‘செங்கோல்’ கதையோடு அது ஒத்துள்ளது என வருண் இராசேந்திரன் வழக்கிட்டார். படத்தார் ஒற்றுமையை மறுத்து வந்தனர். பாக்கியராசு தலைமையிலிருந்த சங்கம் ஒற்றுமையைச் சுட்டியது. முடிவில் சென்னை உயர்முறைமன்றத்தில் உடன்பாடு ஏற்பட்டு, அவரைக் குறிக்க இசைந்தனர். சங்கத்திற் பதிந்தவர்க்கே மன்றப்படி ஏறியபின்தான் பெயர் என்றால், பதியாத சிற்றூர் எழுத்தாளன் என்ன ஆவான்?

பெயர் போட்டவர் கெட்டாரா? பூமணியின் ‘வெக்கை’ 2019-இல் ‘அசுரன்’ ஆயிற்று, மூலம் சொல்லப்பட்டது, படமும் வென்றது. நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டுப் பகுதி எழுத்தாளர் பெருமாள்முருகனின் ‘வறுகறி’ ‘சேத்துமான்’ எனவும், ‘கோடித்துணி’ ‘அங்கம்மாள்’ எனவும் படங்களாயின. அவற்றின் வேர் அவர் கதைகளே எனப் படத்தார் வெளிப்படச் சொன்னமையால் எவர் புகழும் குன்றவில்லை. அக்கதைகளைத் தேடிப் படிப்போரே பெருகினர்.

எனவே செய்யத்தக்கவை இவை. இயக்குநர் பெயர் வரும் அளவிலேயே ஆக்கியோன் பெயரும் முதனூற் பெயரும் திரையிலும் சுவரொட்டியிலும் வருதல் வேண்டும். வேறுமொழியில் எடுப்பினும் அப்பெயர் உடன்செல்லும் என ஒப்பந்தத்தில் எழுதல் வேண்டும். மூலத்தை மறைத்த படம் எனத் தெளிவானால், அதற்கு அரசு விருது வழங்கலாகாது. எழுத்தாளர் தம் படைப்பை நாளிட்டுப் பதிந்து வைத்தல் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்திடலாகாது. தமிழாசிரியர் ‘மலைக்கள்ளன்’ என்று சொல்லும்போதெல்லாம் இராமலிங்கனார் என்றும் சேர்த்துச் சொல்லி மாணவர் நெஞ்சிற் பதித்தல் வேண்டும்.

அக்கதையில் வரும் கள்ளன் கொடியவரிடம் பறித்து எளியவர்க்கு ஈந்தவன். எளிய எழுத்தாளனிடம் பறித்துப் பொருள் படைத்தோரிடம் சேர்க்கும் கள்ளர்க்கோ அப்பெருமையும் இல்லை. கள்ளாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், பொன்னைக் களவாடுதல் என்றும் பெயரைக் களவாடுதல் என்றும் பிரித்துப் பார்க்கவில்லை. தமிழீர், இனிப் படம் பார்க்கப் புகுங்கால் முதலில் வினவுங்கள்: ஆக்கியோன் பெயர் எங்கே?