எல்லையும் ஏதுவும்

நம் வீட்டு முதியவர்கள் தம் உடம்பைப் பற்றிப் பேசும்போது மிகக் குறைந்த சொற்களையே செலவழிக்கிறார்கள். "என்னமோ போல இருக்கு", "மேலெல்லாம் அசதி", "நாக்கு கசக்குது", "கண்ணை இருட்டிக்கிட்டு வருது" என்று நாலைந்து வாக்கியங்களுக்குள் எழுபது எண்பது ஆண்டு உடம்பின் முறையீடுகள் அடங்கிவிடுகின்றன. அண்மைக் காலத்தில் அந்த வரிசையில் இன்னொரு வாக்கியமும் சேர்ந்திருக்கிறது: "ஊசி போட்டதிலிருந்து உடம்பு சரியில்லை." பிள்ளைகளின் வற்புறுத்தலாலும் மருத்துவர்களின் பரிந்துரையாலும் ஃபுளூ தடுப்பூசி போட்டுக்கொண்டு வரும் முதியவர்களிடம் இதை நாம் அடிக்கடி கேட்கிறோம். இவ்வாக்கியத்தை எப்படிக் கேட்பது என்பதைப் பற்றிச் சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லன். வகுப்பறையில் இலக்கணம் நடத்துகிறவன். ஆனால் இது மருத்துவத்தைப் போலவே இலக்கணத்துக்கும் உரிய விஷயம் என்பது என் எண்ணம்.

ஐந்தாம் வேற்றுமைக்கு நன்னூலார் நான்கு பொருள்களைச் சொல்கிறார்: நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. வகுப்பில் மாணவர்கள் இதை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டுப் போய்விடுவார்கள். எல்லையும் ஏதுவும் ஒரே வேற்றுமைக்குள் ஏன் குடியிருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. "ஊசி போட்டதிலிருந்து" என்று முதியவர் சொல்லும்போது அவர் ஒரு காலத்துக்கு எல்லை குறிக்கிறார். இந்த நாளுக்கு முன்பு நன்றாக இருந்தேன், இந்த நாளுக்குப் பின்பு நன்றாக இல்லை என்பதே அவர் தரும் செய்தி. கேட்கிற நாமோ அதை ஏதுவாக மாற்றிக்கொள்கிறோம். 'ஊசி போட்டதிலிருந்து' என்பது நம் காதுக்குள் நுழைவதற்குள் 'ஊசி போட்டதால்' ஆகிவிடுகிறது. அதன்பின் வீடு இரண்டு கட்சியாகப் பிரிகிறது. ஒரு கட்சி, "அந்த ஊசியே போட்டிருக்கக் கூடாது" என்கிறது. மற்றொரு கட்சி, "ஊசியால் ஒன்றும் வராது, எல்லாம் மனப்பிரமை" என்கிறது. இரண்டு கட்சிகளும் ஊசியைப் பற்றித்தான் வாதிடுகின்றன. உடம்பு சரியில்லை என்று சொன்னவரை இரண்டும் மறந்துவிடுகின்றன.

முதலில் தெரிந்த உண்மைகளைச் சொல்லிவிடுவது நல்லது. நம் ஊரில் முதியவர்களுக்குப் போடப்படும் ஃபுளூ ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸின் கூறுகள். அவற்றுக்குப் பெருகும் ஆற்றல் கிடையாது. ஆகவே ஊசியால் ஃபுளூ காய்ச்சல் வர முடியாது. ஆனால் கை கடுக்கலாம், இலேசான காய்ச்சல் வரலாம், மேல்வலியும் அசதியும் இருக்கலாம். அந்நியப் பொருளைக் கண்டு உடம்பு தன் காவலர்களை எழுப்புவதன் அடையாளங்கள் அவை. பெரும்பாலும் ஓரிரு நாட்களில் அடங்கிவிடும். பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகின்றன. வைரஸ் தன் உருவை மாற்றிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடி, எந்தெந்த வகைகளை ஊசியில் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டியிருப்பதற்கு இது ஒரு காரணம்.

1990இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன முன்னாள் படைவீரர்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு இரண்டு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள் போட்டார்கள். ஒன்று ஃபுளூ தடுப்பூசி, மற்றொன்று வெறும் உப்புநீர். எது முதலில் வந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. கைவலி தடுப்பூசிக்குப் பின் கூடுதலாக இருந்தது. காய்ச்சல், அசதி, தலைவலி போன்ற உடல்நலக் குறைகளோ இரண்டு ஊசிகளுக்குப் பின்பும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. 'பார்த்தீர்களா, எல்லாம் பிரமைதான்' என்று சிலர் இதற்குப் பொருள் சொல்வார்கள். எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. உப்புநீர் ஊசி போட்ட வாரத்திலும் அவ்வளவு முதியவர்கள் உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கிறார்கள் என்பதுதான் அந்த ஆய்வு காட்டும் இன்னொரு உண்மை. முதுமையில் எந்த வாரமும் முழு நலத்தோடு கழிவதில்லை. ஊசி போட்ட வாரத்தில் மட்டும்தான் நாம் அவர்களை நலம் விசாரிக்கிறோம்.

நம் ஊரின் பருவத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னையிலும் வேலூரிலும் ஃபுளூ மிகுதியாகப் பரவுவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய அக்டோபர், நவம்பர் மாதங்களில் என்று கண்டறிந்திருக்கிறார்கள். அந்த மழையில்தான் பலர் விழித்துக்கொண்டு ஊசிக்குப் புறப்படுகிறார்கள். மருத்துவமனைக் கூடத்தில் ஒரு மணி நேரம் காத்திருக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் ஒருவர் இருமிக்கொண்டிருக்கிறார். ஃபுளூ தொற்றி நோயாக வெளிப்பட ஒன்று முதல் நான்கு நாட்கள் போதும். மூன்றாம் நாள் வரும் காய்ச்சல் ஊசியிலிருந்து வந்ததா, நாற்காலியிலிருந்து வந்ததா? முதியவருக்கு இரண்டும் ஒரே நாள், ஒரே இடம். அவர் குறித்த எல்லை பிழையற்றது. ஏதுவைத் தேடும் பொறுப்பு நம்முடையது.

என் பெரியம்மாவுக்கு நேர்ந்ததைச் சொன்னால் நான் கருதுவது விளங்கும். தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் தனியே வசிப்பவர், வயது எழுபத்தெட்டு, இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். பெங்களூரில் இருக்கும் அண்ணன் ஏற்பாடு செய்து ஊசி போட வைத்தான். மறுநாள் நான் தொலைபேசியில் பேசியபோது, "ஊசி போட்டதுல இருந்து என்னமோ போல இருக்குய்யா" என்றார். கை வலியும் இலேசான காய்ச்சலும் இருந்தன. மூன்றாம் நாள் காலையில் தலை கிறுகிறுத்தது, வியர்த்தது, கை நடுங்கியது. அண்ணன் அங்கிருந்து, "அது சைடு எஃபெக்ட்தாம்மா, நாளைக்குச் சரியாயிரும், படுத்துக்கோ" என்றான். மதினி, "இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து நோயை வாங்கிட்டு வந்தாச்சு" என்றார். ஒருவர் ஊசியை மன்னித்தார், மற்றவர் ஊசியைத் தண்டித்தார். இருவர் பேச்சின்படியும் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருக்கிறார். அவர் வந்து ஊசியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். "வாய் கசந்துகிட்டே கிடக்கு, ரெண்டு நாளாச் சோறு இறங்கல." "மாத்திரை?" "அதை எப்படி விட முடியும்? நேரம் தவறாம போட்டுட்டேன்." சர்க்கரை கரைத்த தண்ணீரை உடனே குடிக்க வைத்து, ஆட்டோ வைத்து அழைத்துப் போனார். சோதித்தபோது சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. இன்னும் சிறிது நேரம் படுக்கையிலேயே கிடந்திருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது ஏது எது? ஊசியால் இலேசான காய்ச்சல், காய்ச்சலால் வாய்க்கசப்பு, வாய்க்கசப்பால் உணவின்மை, உணவில்லாத வயிற்றில் வழக்கமான மாத்திரை, அதனால் சர்க்கரை இறக்கம். ஊசிதான் காரணம் என்றாலும் பொய், ஊசிக்குச் சம்பந்தமே இல்லை என்றாலும் பொய். இடையில் இருந்த நான்கு கண்ணிகளையும் வெளிக்கொணர்ந்தவை, என்ன சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள் என்ற இரண்டு எளிய கேள்விகள். அவற்றைக் கேட்பதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை.

முதியவர்களின் உடம்பு நோயை நேர்வழியில் காட்டுவதில்லை என்பதைக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். காய்ச்சலே இல்லாமல் நிமோனியா வரலாம். நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரலாம், சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் கூடுதலாக. அசதி, பசியின்மை, பேச்சில் தடுமாற்றம் என்றுதான் அவை தலைகாட்டும். அத்தகைய வேளையில் 'ஊசியின் விளைவு' என்ற சொற்றொடர் மிக அபாயமானது. பெயர் சூட்டியவுடன் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். ஊசியைப் பழிக்கிறவர், ஊசிக்காகப் பரிந்து பேசுகிறவர் ஆகிய இருவருமே அந்தப் பெயரைச் சூட்டிவிட்டு நகர்ந்துவிடக்கூடியவர்கள்.

முதியவர்களின் முறையீட்டுக்குக் காதுகொடுப்பது தடுப்பூசி எதிர்ப்பாளர்களுக்குத் தீனி போடுவதாகும் என்று படித்த நண்பர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். 1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததை அவர்கள் பார்வைக்கு வைக்கிறேன். பன்றிக் காய்ச்சல் அச்சத்தில் அன்றைய அதிபர் ஜெரால்டு ஃபோர்டு நாடு முழுவதற்கும் தடுப்பூசித் திட்டம் அறிவித்தார். அக்டோபரில் ஊசி தொடங்கிய சில நாட்களிலேயே பிட்ஸ்பர்க் நகரில் ஒரே முகாமில் ஊசி போட்டுக்கொண்ட முதியவர்கள் மூவர் இறந்துபோனார்கள். பல மாநிலங்கள் ஊசியை நிறுத்தின. அந்த வயதினர் அத்தனை ஆயிரம் பேர் கூடும்போது, ஊசி இல்லாவிட்டாலும் நிகழக்கூடிய இதயநோய் மரணங்களே அவை என்று விசாரணையில் தெளிவாயிற்று. அதிபரே தொலைக்காட்சியில் ஊசி போட்டுக்கொண்டார், திட்டம் தொடர்ந்தது. இரண்டு மாதங்களுக்குள் வேறு ஒரு முறையீடு எழுந்தது. ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குக் கால் கைகள் வலுவிழந்தன. கில்லன் பாரே என்னும் நரம்பு நோய். எண்ணிப் பார்த்தபோது, ஏறத்தாழ லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் அது கூடுதலாக வந்திருப்பது உறுதியாயிற்று. நாலரைக் கோடிப் பேருக்குப் போட்டபின் டிசம்பரில் திட்டத்தை நிறுத்தினார்கள்.

முதல் முறையீட்டில் எல்லை மட்டுமே இருந்தது; இரண்டாவதில் ஏதுவும் இருந்தது. கேட்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் ஒலித்திருக்கும். இரண்டையும் பதிவு செய்து, எண்ணி, ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் வேறுபாடு புலப்பட்டது. இன்றைய ஃபுளூ ஊசிகளில் அந்த அபாயம் பத்து லட்சம் பேருக்கு ஒன்றிரண்டு என்ற அளவுக்கு மேல் இல்லை என்று துணிந்து சொல்ல முடிகிறதென்றால், முறையிட்டவர்களைப் பிரமை பிடித்தவர்கள் என்று யாரும் துரத்தாததே அதற்குக் காரணம். இந்தியாவிலும் மருந்துகளின் பாதக விளைவுகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டம் 2010 முதல் இயங்குகிறது; இப்போது அதன் தலைமையிடம் காசியாபாத். நோயாளியோ குடும்பத்தாரோ நேரடியாகவே தெரிவிக்கலாம். வாட்ஸ்அப்பில் நூறு பேருக்கு அனுப்புகிற செய்தியை அங்கே ஒருமுறை அனுப்பினால் அது அறிவாக மாறும்.

மறுபுறம், ஒரு கசந்த வாரத்தின் நினைவால் ஊசியையே கைவிடுவதும் சரியன்று. ஃபுளூ வெறும் சளிக்காய்ச்சல் அன்று. 1918இல் அது இந்தியாவில் கொண்டுபோன உயிர்கள் ஒரு கோடிக்கும் மேல். இந்திக் கவிஞர் நிராலா அந்த ஆண்டில் தம் மனைவியையும் குடும்பத்தினர் பலரையும் பறிகொடுத்தார். 'குல்லீ பாட்' என்னும் நூலில் அந்தத் துயரை எழுதியிருக்கிறார். நம் முதியவர்கள் இத்தகைய நினைவுகளுக்கு அந்நியர்கள் அல்லர். அவர்கள் கையில் அம்மை குத்திய தழும்பு இன்னும் இருக்கிறது. குத்திய இடம் கொப்புளித்து, காய்ச்சல் கண்டு, பொருக்கு உதிர்ந்து ஆறியதை அவர்கள் உடம்பு அறியும். இந்தியாவில் பெரியம்மை 1975இல் ஓய்ந்தது அந்தத் தழும்புகளால்தான். ஆகவே, 'ஒன்றும் செய்யாது' என்று அவர்களிடம் பொய் சொல்லத் தேவையில்லை. 'இரண்டு நாள் மேல் வலிக்கலாம், காய்ச்சல் காயலாம். சாப்பாடு இறங்காவிட்டால் மாத்திரை போடுவதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு அடைத்தாலோ, பேச்சுக் குழறினாலோ, கால் வலுவிழந்தாலோ, காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ உடனே போக வேண்டும்' என்று முன்கூட்டியே சொன்னால் புரிந்துகொள்வார்கள். மெய்யைச் சொல்லிப் போட்ட ஊசிக்கு அடுத்த ஆண்டும் கை நீட்டுவார்கள். பொய் சொல்லிப் போட்ட ஊசிக்கு அதுவே கடைசி ஆண்டாகிவிடும்.

என் பெரியம்மா இனிமேல் ஊசி வேண்டாம் என்கிறார். அண்ணன் வேண்டும் என்கிறான். போட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. அதை அவரிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அடுத்த முறை ஊசி போட்ட பின் மூன்று நாட்கள் யாராவது ஒருவர் அவருடன் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். ஊசிக்குப் பணம் கட்டுவதோடு பிள்ளைகளின் கடமை முடிந்துவிடுவதில்லை. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் இக்காலத்தில், உடன் இருப்பதற்கு ஆள் கிடைப்பதுதான் ஊசி கிடைப்பதைவிட அரிதாகிவிட்டது. முதியவர் எல்லையைச் சொல்லிவிடுகிறார். அதற்குப் பின் "எப்போதிலிருந்து? என்ன சாப்பிட்டீர்கள்? எழுந்து நடக்க முடிகிறதா?" என்று கேட்பதற்குப் பக்கத்தில் ஒரு மனிதர் வேண்டும்.