திண்ணை யோசனையும் தேதியிட்ட மனுவும்

ஒருவருக்குத் தொல்லை ஒன்று நேர்ந்தால் அவர் முதலில் நாடிச் செல்வது வக்கீலையும் அன்று, அதிகாரியையும் அன்று, அண்டை வீட்டாரைத்தான். இது நம் நாட்டு வழக்கம், நல்ல வழக்கமுங்கூட. நெசவாளர் தெருவில் விடியற்காலையில் பாவு தோய்வதைக் கண்டவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்து, கஞ்சி ஏற்றி, இழை பிரித்து, வெயில் கடுமையாகுமுன் உலர்த்தி எடுப்பது ஒரு குடும்பத்தால் மட்டும் ஆகிற காரியமன்று. இன்று ஒரு வீட்டுப் பாவுக்கு நான்கு வீட்டார் கை கொடுக்கின்றனர். நாளை அந்த நான்கு வீட்டாருக்கும் இவ்வீட்டார் கை கொடுக்கின்றனர். உழவர்களிடையே வாய்க்கால் நீரை முறை வைத்துப் பாய்ச்சிக் கொள்வதும் இதைப் போன்றதே. உழைப்பை இவ்வாறு மாற்றிக் கொள்ளும் மக்கள் யோசனையையும் மாற்றிக் கொள்வதில் வியப்பில்லை.

யோசனை கேட்கப்படும் பொருள்கள் மட்டும் காலத்துக்கேற்ப மாறியிருக்கின்றன. நூல் விலை, விதை, உரம், மழை ஆகியவை பற்றிய பேச்சு இன்றும் உண்டு. அவற்றோடு, ஆலை வேலைக்குச் சென்ற மகனுக்கு இரண்டு மாதச் சம்பளம் நிற்கிறதே, என்ன செய்வது? மகளை முன்னறிவிப்பின்றி வேலையிலிருந்து நீக்கி விட்டார்களே, யாரிடம் முறையிடுவது? வீட்டிலுள்ள பிராட்பேண்ட் இணைப்பு பத்து நாட்களாக வேலை செய்யவில்லையே, பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக் கிடக்கிறது, மனு எங்கே கொடுப்பது? இத்தகைய கேள்விகளை இன்று சங்கங்களின் தாழ்வாரத்தில் கேட்கலாம். கூட்டுறவு ஆய்வாளன் என்ற முறையில் பல சங்கங்களுக்குச் சென்று வருகிறேன். பேரவைக் கூட்டங்களில் காணாத ஊக்கத்தையும் உண்மையான அக்கறையையும் இத்தகைய பேச்சுகளில் கண்டிருக்கிறேன்.

ஆயினும் இந்த யோசனைகளால் முழுப் பயன் விளைகிறதா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். வாயால் சொன்ன யோசனை வாயோடு நின்று விடுகிறது. அன்றி, ஒரு காலத்தில் சரியாயிருந்து இன்று தவறாகிப் போன யோசனையே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இக்குறையைப் போக்கும் பொறுப்பைச் சங்கங்கள் ஏற்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் பிராட்பேண்ட் இணைப்பை எடுத்துக் கொள்வோம். இது வெறும் பொழுதுபோக்குச் சாதனம் என்று எண்ணிய காலம் போய் விட்டது. புடவையின் வடிவமைப்பு இணைய வழியே வருகிறது. துணிக்கான ஆர்டரும் அவ்வழியே வருகிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022இல் ஒப்புதல் அளித்த பிறகு, சங்கக் கணக்குகளே இணைய இணைப்பை நம்பி நிற்கத் தொடங்கியுள்ளன.

இணைப்பு பழுதுபட்டால் பக்கத்து வீட்டாரைக் கேட்பது அறிவான செயலேயாகும். ஏனெனில், தெருவுக்கு வரும் கண்ணாடி இழை ஒன்று, பிரிப்பான் பெட்டியின் மூலம் 8, 16, 32 என்று பல வீடுகளுக்குப் பிரிந்து செல்கிறது. ஒரே பெட்டியைச் சேர்ந்த எல்லா வீடுகளிலும் இணைப்பு அற்றுப் போயிருந்தால், பழுது பெரும்பாலும் கம்பத்திலோ அதற்கும் அப்பாலோ இருக்கிறது. ஒரு வீட்டில் மட்டும் அற்றுப் போயிருந்தால், அவ்வீட்டுக் கருவியில் எல்.ஓ.எஸ். என்று குறித்த விளக்கைப் பார்க்க வேண்டும். அது சிவப்பாக எரிந்தால் இழையின் வழியே ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். இழை அறுந்திருக்கலாம், அல்லது கூர்மையாக மடங்கியிருக்கலாம். சிவப்பு விளக்கு எரியாமல் இணைப்பு மட்டும் மந்தமாயிருந்தால் குறை வீட்டுக்குள்ளேயே இருக்கக்கூடும். அறுந்த நூலை முடிந்து ஓட்டி விடலாம். கண்ணாடி இழையை அவ்வாறு முடிய இயலாது. அதற்குரிய கருவி கொண்டு உருக்கி இணைக்க வேண்டும். ஆகவே பழுது எங்கே என்பதை அண்டை வீட்டார் கூடிக் கண்டறியலாம். பழுதைப் போக்குவது நிறுவனத்தின் கடமை.

இதற்குப் பின்னரே யோசனைகள் தடம் மாறுகின்றன. ஊழியர் எவரையேனும் வழியில் கண்டால் வாய்மொழியாகச் சொல்லி விடும்படி ஒருவர் கூறுகிறார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய்க்கு எழுதும்படி மற்றொருவர் கூறுகிறார். இரண்டும் பயன் தரா. தனி வாடிக்கையாளரின் புகாரை டிராய் விசாரித்துத் தீர்ப்பதில்லை. அது 2012இல் வகுத்த விதிகளின்படி, நிறுவனத்தின் புகார் மையத்தில் முறையிட்டுப் புகார் எண்ணைப் பெற வேண்டும். குறித்த காலத்துக்குள் குறை தீரவில்லையென்றால், அதன் பின் 30 நாட்களுக்குள் அந்நிறுவனத்திலுள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை. 39 நாட்களுக்குள் முடிவு கூறப்பட வேண்டும். அதிலும் மனநிறைவு ஏற்படாதவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம். தொலைத்தொடர்புச் சேவை பற்றிய வழக்கை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதிப்படுத்தியிருக்கிறது. ஆனால் புகார் எண் இல்லாதவர் இப்படிகளில் முதற்படியைக்கூட ஏற முடியாது. பத்துப் பேர் பத்து நாட்கள் பேசியும், ஒருவர் கையிலும் புகார் எண் இல்லையென்றால், நிறுவனத்தின் ஏட்டில் அத்தெருவில் பழுதே ஏற்படவில்லை என்றுதான் இருக்கும்.

வேலை பற்றிய தொல்லைகளில் தவறான யோசனையால் விளையும் கேடு இதனினும் பெரிது. நம் அங்கத்தினர் குடும்பங்களில் ஒருவர் தறியிலோ நிலத்திலோ இருக்க, மற்றொருவர் நூற்பாலைக்கும் பின்னலாடை ஆலைக்கும் கடைக்கும் சென்று ஊதியம் ஈட்டுகிறார். அவ்வூதியம் நின்றால் சங்கத்துக் கடன் தவணையும் நிற்கும். எனவே இதனைத் தனி வீட்டுக் கதை என்று தள்ளி விட முடியாது.

தொழிலாளர் சட்டங்கள் அண்மையில் பெரிதும் மாறியுள்ளன. 1936ஆம் ஆண்டு ஊதியச் சட்டம், 1947ஆம் ஆண்டுத் தொழிற் தகராறுகள் சட்டம் முதலிய பல சட்டங்களுக்குப் பதிலாக இயற்றப்பட்ட நான்கு சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. திண்ணையில் யோசனை கூறும் பெரியவர்கள் பலர் அறிந்திருப்பது பழைய சட்டத்தை. பழைய ஊதியச் சட்டத்தில், நிலுவைச் சம்பளத்துக்கு 12 மாதங்களுக்குள் முறையிட வேண்டும் என்ற வரையறை இருந்தது. புதிய ஊதியத் தொகுப்பில் அது 3 ஆண்டுகளாக நீண்டிருக்கிறது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் தொழிலாளர் நீதிமன்றத்தை நேரே அணுகுவதற்குப் பழைய சட்டம் 3 ஆண்டு அளித்தது; புதிய தொழில் உறவுத் தொகுப்பில் அது 2 ஆண்டாகக் குறைந்திருக்கிறது.

இதன் பொருளைக் கவனிக்க வேண்டும். “ஒரு வருஷம் கடந்து விட்டதே, இனிச் சம்பளம் கிடைக்காது” என்று ஒரு பெரியவர் ஆறுதல் கூறினால், கிடைக்கக்கூடிய பணம் கைவிடப்படுகிறது. “மூன்று வருஷம் இருக்கிறதே, அவசரப்படாதே” என்று மற்றொருவர் தைரியம் சொன்னால், உரிய உரிமை கைநழுவிப் போகிறது. இருவரும் நல்ல எண்ணத்துடன்தான் பேசினர். ஆனால் நல்லெண்ணம் காலவரையறையை நீட்டித் தராது. தபால் விஷயத்திலும் இதே கதைதான். முக்கியமான மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பு என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நல்ல யோசனை. ஆனால் பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டு விட்டது. இனி விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ப்புச் சான்றைக் கேட்டுப் பெற வேண்டும்.

எக்காலத்துக்கும் பொருந்தும் யோசனைகளும் உண்டு. வேலைக்குச் சேரும்போதே நியமனக் கடிதம் கேட்டு வாங்குதல். சம்பளச் சீட்டைப் பாதுகாத்தல். நிர்ப்பந்தத்தின் பேரில் வெற்றுத்தாளிலோ ராஜினாமாக் கடிதத்திலோ கையெழுத்திடாதிருத்தல். பிடித்த வருங்கால வைப்பு நிதி கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மாதந்தோறும் பார்த்தல். முதலாளி அத்தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். வேலையை விட்டு நீங்கியவருக்கோ நீக்கப்பட்டவருக்கோ சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது புதிய தொகுப்பின் விதி. இவற்றை ஒவ்வொரு வீட்டு இளைஞரும் மனப்பாடமாக அறிந்திருத்தல் நலம்.

உழவர்களுக்கோ காலம் ஆண்டுக் கணக்கிலும் இல்லை, மணிக் கணக்கில் இருக்கிறது. பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறுவடைக்குப் பிந்திய இழப்புக்குக் காப்பீடு அறிவிக்கப்பட்டுள்ள இடங்களில், அறுத்து வயலில் உலர வைத்த கதிர் 14 நாட்களுக்குள் பருவம் தவறிய மழையால் கெட்டால், 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். மூன்று நாட்களை யோசனையிலேயே கழித்தவருக்கு நான்காம் நாள் எவரும் உதவ முடியாது.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் ஒரு யோசனைக் குறிப்பேட்டை வைத்துக் கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. அதில் ஐந்து பத்திகள் போதும்: தேதி, தொல்லையின் தன்மை, கூறிய யோசனை, அனுப்பிய மனு அல்லது புகாரின் எண், கிடைத்த முடிவு. குடும்பத்தின் பெயர் அதில் இடம் பெறக்கூடாது. விஷயம் மட்டும் இருந்தால் போதும். மாதம் ஒரு மாலை, கூலிப் பட்டுவாடா நாளன்றோ சந்தை நாளன்றோ, அங்கத்தினர்கள் கூடி இக்குறிப்பேட்டைப் படிக்கக் கேட்கலாம். அங்கத்தினர் வீட்டுப் பட்டதாரிப் பிள்ளைகள் இருவர், ஆறு மாதத்துக்கொருமுறை, காலாவதியான யோசனைகளை அடித்துச் சரியானவற்றை எழுதலாம். மனு எழுதத் தெரியாதவருக்கு அன்றே அங்கேயே எழுதிக் கொடுக்கலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலைக்கு மேல் போகாது.

சங்கத்தின் வேலை கடனும் கொள்முதலும் விற்பனையும்தானே, இதில் தலையிடுவானேன் என்று சிலர் கேட்கலாம். 1844இல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து முன்னோடிகள் 28 பேர் கடை திறந்தபோது, அவர்களுள் நெசவாளர்களும் இருந்தனர். மாவும் வெண்ணெயும் விற்பதோடு நில்லாமல், உபரியில் நூற்றுக்கு இரண்டரை விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்கியவர்கள் அவர்கள். நம் மாநிலத்தில் 1904இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் ஒரு வட்டாரத்து மக்கள் கூடித் தங்களுக்குள் தீர்வு கண்டதன் விளைவே. 1995இல் சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் ஏற்ற ஏழு கொள்கைகளில் கல்வியும் தகவலும் ஒன்று. சமுதாயத்தின்பால் அக்கறை மற்றொன்று. எனவே இது வெளிவேலை ஆகாது.

இதனால் கட்சி கட்டுதலும் வீண் வம்பும் வளரும் என்ற அச்சம் இன்னும் சிலருக்கு உண்டு. அது முற்றும் ஆதாரமற்றதன்று. அதற்காகவே பெயரை விலக்க வேண்டும் என்றேன். மேலும், குறிப்பேடு வழியைக் காட்டலாமேயன்றித் தீர்ப்புக் கூறலாகாது. அங்கத்தினருக்கும் சங்கத்துக்கும் இடையே சங்க அலுவல் பற்றி எழும் தகராறு, 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி பதிவாளரிடம் செல்ல வேண்டியது. வழக்காக முற்றிய விஷயத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்கள், பட்டியல் இனத்தார், பழங்குடியினர், தொழிலாளர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி அங்கே இலவச உதவி உண்டு. அவ்விடத்துக்குச் செல்லும்படி சொல்லுவதே சில வேளைகளில் மிகச் சிறந்த யோசனை.

தம் வீட்டுத் தொல்லையை மற்றொருவரிடம் கூறுவதற்குக் கூசுகிறவர்கள் இன்றும் பலர் இருக்கின்றனர். வேலை இழந்த மகனைப் பற்றி வெளியே சொல்லாமல் மாதக்கணக்கில் மறைத்து வைக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். அவர்களுக்குத் திண்ணை உதவாது. பெயரின்றிக் கேட்டுப் போக ஓர் ஏடு இருக்குமானால் அது உதவும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதனையும் ஒரு பொருளாகச் சேர்க்கும்படி சங்கத் தலைவர்களையும் செயலாளர்களையும் கேட்டுக் கொள்ளுகிறேன். தீர்மானம் நிறைவேற்றும் சங்கங்கள் முதல் ஆறு மாதக் குறிப்பேட்டின் சுருக்கத்தை இவ்விதழுக்கு எழுதி அனுப்பினால், ஓர் ஊரில் கண்ட வழி மற்ற ஊர்களுக்கும் பயன்படும்.