ஆள் கணக்கு மட்டும் போதாது

தற்காலிக கேலரி ஒன்று சரிந்துவிட்டால், ‘அளவுக்கு அதிகமானோர் ஏறியதே காரணம்’ என்ற வரி மறுநாள் செய்தியில் தவறாமல் வந்துவிடுகிறது. 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டியின் தொடக்க நாளில் கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தபோதும் கூட்டத்தைப் பற்றித்தான் முதலில் பேசினார்கள். கூட்டம் ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கேலரி கட்டுவதில் ஆட்களின் எடையைத் தாங்க வைப்பதுதான் இருப்பதிலேயே எளிய வேலை.

நிலையான இருக்கைகள் இல்லாத, மக்கள் கூடும் தளம் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 500 கிலோ பாரத்தைத் தாங்க வேண்டும் என்கிறது ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலை. அவ்வளவு எடை வர வேண்டுமானால் ஒரு சதுர மீட்டரில் ஏழு பேரை நெருக்கி நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஆளை அடைப்பது மிகக் கடினம். ஆக, கீழ்நோக்கிய பாரத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கேற்ற தடிமனில் கால்களை ஊன்றிவிடலாம்.

பக்கவாட்டு விசையில்தான் சிக்கல். ஜல்லிக்கட்டில் காளை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பாய்ந்தால், கேலரியில் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே திசையில் சாய்கிறார்கள். அமெரிக்க விதிமுறை இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: இருக்கை வரிசையின் ஒவ்வொரு மீட்டருக்கும், வரிசையின் போக்கிலேயே சுமார் 35 கிலோ தள்ளுவிசை. 20 மீட்டர் நீளத்தில் பத்து வரிசை கொண்ட கேலரிக்குப் பெருக்கிப் பாருங்கள்: 7 டன். நேர்க்கால்கள் எவ்வளவு பருமனாக இருந்தாலும் இதைத் தடுக்காது. தடுப்பவை கால்களுக்கு இடையே பெருக்கல் குறி போலக் கட்டும் குறுக்குக் கம்புகள். நேரம் போதாதபோதும், ஆட்கள் நுழைந்து போக வழி வேண்டும்போதும் முதலில் விட்டுப்போவதும் அவைதான்.

அடுத்தது குதிப்பு. தாளத்துக்குக் குதிக்கும் கூட்டம் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை குதிக்கிறது. கட்டமைப்பின் இயல்பான அதிர்வும் அந்த வேகத்தை ஒட்டியே இருந்தால், ஒவ்வொரு குதிப்பும் முந்தைய அசைவைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். அதனால்தான் மாடங்களை விறைப்பாக்கி, அவற்றின் அதிர்வை அந்த வேகத்திலிருந்து வெகுதூரம் தள்ளி வைக்கிறார்கள். அதிர்வு ஒத்துப்போகாவிட்டாலும் குதித்து இறங்கும் கால் தரும் விசை, சும்மா நிற்கும் உடம்பின் எடையைப் போல் சில மடங்கு. 2021 அக்டோபரில் நெதர்லாந்தின் நைமேகன் நகரில், வெற்றி பெற்ற வெளியூர் அணியின் ரசிகர்கள் சேர்ந்து குதித்தபோது மைதான மாடத்தின் ஒரு பகுதி மடங்கி இறங்கியது. அது சாரம் கட்டிய கேலரி அல்ல, கான்கிரீட். நல்லவேளை, அடியில் நின்ற கன்டெய்னர் தாங்கிக்கொண்டது.

காற்றின் கணக்கு வேறு மாதிரி. நிறைந்த கேலரியை அதன் கூட்டமே தரையோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. ஆள் இல்லாத கேலரிக்கு அந்தப் பிடி கிடையாது. அதன் முதுகில் வெயிலுக்கென்று தார்ப்பாயோ, விளம்பரத்துக்கென்று பிளக்ஸ் பேனரோ கட்டிவிட்டால் அது பாய்மரம் ஆகிவிடும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகக் காற்று, 20 மீட்டர் நீளமும் 4 மீட்டர் உயரமும் உள்ள திரையை ஏறக்குறைய 2 டன் விசையோடு தள்ளும். ஐஎஸ் 875 மதுரைக்குச் சொல்லும் அடிப்படை வேகம் நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. தற்காலிகக் கட்டமைப்புகளுக்கு இதில் ஓரளவு குறைத்துக்கொள்ளலாம் என்றாலும், மதுரை வேகத்தில் அதே திரைமீது விழுவது 7 டன்னுக்கு மேல். கூரை போட்டால் இன்னொரு தொல்லை சேரும்: முன்பக்கம் திறந்த மாடத்துக்குள் புகும் காற்று கூரையை அடியிலிருந்து தூக்கும், மேலே ஓடும் காற்று உறிஞ்சும். கூரை இலேசாக இருக்க இருக்க, கீழே விழாமல் தாங்குவதைவிடப் பறக்காமல் இழுத்துக் கட்டுவதே பெரிய வேலையாகிவிடும்.

அனுபவமுள்ள கைகள் கட்டினால் போதும் என்பார்கள். அனுபவத்தின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது சோதனைக்கு ஈடாகாது. 1992 மே 5 அன்று பிரான்சின் பாஸ்தியா நகருக்கு அருகே, கால்பந்துக் கோப்பையின் அரையிறுதிக்காக அவசரமாக எழுப்பிய குழாய்ச் சாரம் ஆட்டம் தொடங்குமுன்பே சரிந்தது. குறைந்தது 18 பேர் இறந்தார்கள், 2,300க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கேலரியில் முதன்முறையாகக் கூட்டம் ஏறும் நேரமே அதன் முதல் சோதனையாகவும் இருக்கக் கூடாது.

எனவே தகுதிச் சான்று தரும் அதிகாரிகள் ‘எத்தனை பேர் ஏறலாம்’ என்று எழுதுவதோடு நிறுத்தாமல், குறுக்குக் கம்புகள் எங்கெங்கே, கால்கள் மண்ணில் எதன்மேல் நிற்கின்றன, காற்று எந்த வேகத்தைத் தொட்டால் திரையை அவிழ்க்க வேண்டும், யார் அவிழ்ப்பார் என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். வாங்கியதைப் போட்டி நாளன்று காலையில் நேரில் போய்ச் சரிபார்க்கவும் வேண்டும்.